நிலம் பெயரக் கண்ட பேரறிஞர் அல்பிரட் வெகனர்

நடக்கவே நடவாத காரியம் ஒன்றுக்கு எடுத்துக்காட்டுத் தேடிய நம் பழம் புலவர்கள் நிலம் பெயர்தலைச் சொல்லிவைத்தனர். காற்று வீசும், ஆறு ஓடும், கடல் பொங்கும், நிலமோ கிடந்தபடியே கிடக்கும் என்பது கீழ்நாட்டாருக்கும் மேனாட்டாருக்கும் பொதுவாயிருந்த நம்பிக்கையாகும். அந்நம்பிக்கையை அசைத்தவர் நிலத்தை ஆராய்வதையே தொழிலாகக் கொண்ட ஒருவரல்லர். காற்றையும் மேகத்தையும் பனியையும் ஆராய்ந்த ஒருவரே அதனைச் செய்தார். அல்பிரட் வெகனர் என்னும் அப்பெரியாரின் வரலாற்றை இம்மலரைப் படிக்கும் மாணவர்களுக்கும், கண்டங்கள் நிலையானவை என்றே வித்தியாசாலையிற் படித்து வெளியேறிய நம் மூத்த பழைய மாணவர்களுக்கும் எடுத்துச்சொல்ல விழைகின்றோம்.

அல்பிரட் லோதர் வெகனர் 1880 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 1 ஆந் திகதி யேர்மனியின் பேர்லின் நகரிற் பிறந்தார். தந்தையார் ரிச்சட் வெகனர் கிறித்தவ குருவாகவும் பழைய மொழிகளைக் கற்பிக்கும் ஆசிரியராகவும் விளங்கியவர். அநாதைப் பிள்ளைகளுக்கான இல்லம் ஒன்றையும் நடாத்திவந்தார். ஐந்து பிள்ளைகளுள் அல்பிரட்டே கடைக்குட்டி. அவருக்கு மூத்தவரான கூட் என்னும் தமையனார் வாழ்நாள் முழுவதும் அவருக்குத் தோழருமாயிருந்தார். பேர்லின், ஹைடல்பேர்க், இன்ஸ்புரூக் ஆகிய இடங்களிற் பௌதிகமும் வானியலும் கற்ற அல்பிரட் 1905 ஆம் ஆண்டில் வானியலிற் கலாநிதிப் பட்டம் பெற்றார். பட்டம் பெற்ற கையோடு அத்துறையைக் கைவிட்டார். தொலைநோக்கியின் அருகே இராப்பொழுதைக் கழிக்கும் வாழ்க்கை அவருடைய உடலுரத்துக்கும் ஊக்கத்துக்கும் ஏற்றதாயில்லை. அக்காலத்தில் இளமைப்பருவத்திலிருந்த வளிமண்டலவியல் அவரைக் கவர்ந்தது. லின்டன்பேர்க்கிலிருந்த வானாய்வு நிலையத்தில் தமையனாரோடு சேர்ந்து பட்டங்களையும் பலூன்களையும் மேலேவிட்டுக் காற்றின் தன்மையை அளந்துவந்தார். 1906 ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில் இவ்விரு சகோதரரும் ஒரு பலூனில் ஏறி ஐம்பத்திரண்டரை மணி நேரம் தரையிறங்காது மிதந்தனர். அதுவரை எவரும் அவ்வளவு நேரம் வானத்தில் தங்கியதில்லை.

அதே ஆண்டில் அவர் வாழ்க்கையின் போக்கை நிர்ணயித்த பயணம் வாய்த்தது. வடகிழக்குக் கிறீன்லாந்தை ஆராயச் சென்ற டென்மார்க்கு நாட்டவரின் குழுவில் வளிமண்டலவியலாளராக அவர் சேர்த்துக்கொள்ளப்பட்டார். அங்கே இரண்டு குளிர்காலங்களைக் கழித்தார். குழுத்தலைவர் மீலியஸ் எரிக்சனும் இரு தோழரும் 1907 ஆம் ஆண்டில் அப்பனிவெளியிலே பசியாலும் குளிராலும் மாண்டனர். இதனை அறிந்த பின்னரும் வெகனர் 1912 ஆம் ஆண்டில் மீண்டும் கிறீன்லாந்துக்குச் சென்றார் என்றால் அந்நிலத்தின்மீது அவருக்கிருந்த பற்றை நாம் உய்த்துணரலாம். அம்முறை கொக் என்னும் டென்மார்க்கு வீரரோடும் வேறிருவரோடும் ஐஸ்லாந்துக் குதிரைகளைக் கொண்டு பனிக்கட்டிக் கவிப்பைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடந்தார். பனிவெடிப்பு ஒன்றில் வீழ்ந்த கொக்கின் கால் முறிந்தது. குதிரைகள் ஒவ்வொன்றாக மடிந்தன. மேற்குக் கரையை அடைந்தபோது உணவு முற்றாகத் தீர்ந்துபோகவே உடன்வந்த நாயையும் கொன்று உண்ணநேர்ந்தது. தற்செயலாக அவ்வழியே படகில் வந்த ஒரு பாதிரியார் கண்டிராவிடின் நால்வரும் அங்கேயே முடிந்திருப்பர்.

இவ்விரு பயணங்களுக்கும் இடைப்பட்ட காலத்திலேதான் நாம் சொல்லவந்த காரியம் நிகழ்ந்தது. வெகனர் அப்போது மார்பேர்க் சர்வகலாசாலையில் விரிவுரையாளராயிருந்தார். 1910 ஆம் ஆண்டு மார்கழியில், புதிதாக வெளிவந்த ஒரு தேசப்படத் தொகுதியைப் புரட்டிக்கொண்டிருந்தவர் தென்னமெரிக்காவின் கீழ்க்கரையும் ஆபிரிக்காவின் மேற்கரையும் கிழித்த கடதாசியின் இரு துண்டுகள்போல ஒன்றோடொன்று பொருந்துவதைக் கண்டார். வியப்பை அடக்கமாட்டாது, பின்னாளில் தம் மனைவியாராகவிருந்த எல்ஸ கெப்பன் என்னும் நங்கைக்கு அதனை எழுதித் தெரிவித்தார். இப்பொருத்தத்தை முதன்முதற் கண்டவர் வெகனரல்லர் என்பதையும் சொல்லிவிடுதல் நேர்மையாகும். 1596 ஆம் ஆண்டிலேயே ஒர்த்தேலியஸ் என்னும் தேசப்பட நூலார் இதனைக் குறித்திருக்கிறார். அமெரிக்கரான ரெயிலர் என்பவரும் வெகனருக்குச் சற்று முன்னதாகக் கண்டங்களின் நகர்வைப் பற்றி எழுதினார். ஆயினும் கண்டதோடு நில்லாது, அதற்குச் சான்று தேடிப் பத்தொன்பது ஆண்டுகள் உழைத்தவர் வெகனரே.

அடுத்த ஆண்டில் அவர் கையிற் கிடைத்த ஒரு கட்டுரை அவரை உலுக்கிற்று. அத்திலாந்திக் சமுத்திரத்தின் இரு கரைகளிலும் ஒரே வகையான உயிர்ச்சுவடுகள் காணப்படுவதை அது விரித்துரைத்தது. மெசோசோரஸ் என்பது ஏறக்குறைய ஒரு மீற்றர் நீளமுள்ள ஊர்வன. அதன் எலும்புகள் தென்னமெரிக்காவிலும் ஆபிரிக்காவின் தென்பகுதியிலுமன்றி வேறெங்கும் அகப்படவில்லை. அச்சிறு பிராணி ஒரு பெருங்கடலை நீந்திக் கடந்தது என்று எவரும் சொல்லார். குளோசோப்தெரிஸ் என்னும் மரத்தின் நாவடிவான இலைச்சுவடுகள் இந்தியா, ஆபிரிக்கா, தென்னமெரிக்கா, அவுஸ்திரேலியா ஆகிய நிலங்களின் பழம் பாறைகளிற் பதிந்துள்ளன. வெகனர் தம் கொள்கையை வெளியிட்ட 1912 ஆம் ஆண்டில், தென்முனைவிலிருந்து திரும்பும் வழியில் உயிர்விட்ட கப்டன் ஸ்கொற்றும் தோழரும் தம் சறுக்குவண்டியிற் சுமந்துவந்த கற்களிலும் அதே இலைச்சுவடு இருந்தது. நடக்கவும் வலுவின்றித் தளர்ந்த நிலையிலும் முப்பத்தைந்து இறாத்தல் எடையுள்ள அக்கற்களை அவர்கள் எறிந்துவிடவில்லை.

இவற்றினும் வியப்பானது இந்தியாவிற் கிடைத்த சான்று. ஒரிசாவிலே தால்ச்சேர் என்னும் இடத்தில், பனிக்கட்டியாறு ஒன்று உருட்டிவந்து குவித்த பாறாங்கற் படையை ஆராய்ச்சியாளர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே கண்டிருந்தனர். வெயில் கொளுத்தும் ஒரிசாவிலே பனிக்கட்டி எவ்வாறு வந்தது? இதே காலத்துப் பனிக்கட்டிச் சுவடுகள் தென்னாபிரிக்காவிலும் பிரேசிலிலும் அவுஸ்திரேலியாவிலும் உள்ளன. நிலங்கள் இன்றிருக்கும் இடத்திலேயே அன்றும் இருந்தன என்றால், மத்தியகோட்டின் இருமருங்கும் பனியுறைய வடபாதியில் மட்டும் நிலக்கரிக் காடுகள் செழித்தன என்று கூறநேரும். அந்நிலங்களையெல்லாம் தென்முனைவைச் சூழ ஒன்றாகச் சேர்த்துவைத்தாலோ, சிதறிக்கிடந்த பனிச்சுவடுகள் ஒரே பனிக்கட்டிக் கவிப்பின் பகுதிகளாய் அமைந்துவிடுகின்றன. காலநிலையை ஆராய்ந்த ஒருவருக்கே இச்சான்றின் முழுவலிமையும் புலப்பட்டது என்று கருதுகின்றோம்.

1912 ஆம் ஆண்டு தை மாதம் 6 ஆந் திகதி பிராங்க்பேர்ட் நகரிற் கூடிய புவிச்சரிதவியலார் சங்கத்தில் வெகனர் தம் கொள்கையை வெளியிட்டார். ஒருகாலத்தில் எல்லாக் கண்டங்களும் ஒரே பெருநிலமாயிருந்தன. பின்னர் அது பிளவுற்றுத் துண்டுகள் விலகிச் சென்றன. அவ்விடைவெளிகளே அத்திலாந்திக் சமுத்திரமும் இந்து சமுத்திரமுமாகும். விலகிச் சென்ற நிலங்களின் முன்விளிம்பு மடிந்து உயர்ந்தமையால் மலைத்தொடர்கள் தோன்றின. ஆதியிலிருந்த அப்பெருநிலத்துக்குப் பங்கேயா என்னும் பெயர் பின்னர் வழங்கலாயிற்று. முதலாவது உலக யுத்தத்தில் இருமுறை காயமுற்று ஓய்விலிருந்த காலத்தில் இக்கொள்கையை விரித்து, கண்டங்களும் சமுத்திரங்களும் தோன்றியமை பற்றி 94 பக்கங்கள் கொண்ட நூலொன்றை எழுதி 1915 ஆம் ஆண்டில் வெளியிட்டார். நாடெங்கும் பீரங்கி முழங்கிய காலத்தில் அதனைக் கவனித்தவர் சிலரே. 1920, 1922, 1929 ஆகிய ஆண்டுகளிற் புதுப்பிக்கப்பட்ட பதிப்புகள் வெளிவந்தன. 1924 ஆம் ஆண்டில் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்த பின்னரே உலகம் விழித்துக்கொண்டது.

ஈண்டுத் தமிழ் வாசகர்க்கு நெருங்கிய ஒரு பொருளைப் பற்றியும் சொல்லவேண்டியிருக்கிறது. இலெமூரியா என்னும் பெயரை அறியாத தமிழர் அரியர். அப்பெயர் தமிழர் இட்டதன்று. இலெமூர் என்னும் விலங்கினமும் அதன் உறவினங்களும் மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் காணப்படுவதற்குக் காரணங்கூற முயன்ற ஸ்கிளேற்றர் என்னும் ஆங்கிலேய விலங்கியலார், அவ்விரு நிலங்களையும் இணைத்து இடையே ஒரு கண்டம் இருந்து மறைந்திருக்கவேண்டும் என 1864 ஆம் ஆண்டில் ஊகித்தார். அதற்கு இலெமூரியா எனப் பெயரிட்டார். கடல் கொண்ட குமரிநாடு பற்றிய நம் பழைய செய்தியோடு இவ்வூகத்தை இணைத்துக்கொண்டவர் பிற்காலத்துத் தமிழறிஞராவர். கடலுக்கப்பால் ஒத்த உயிரினம் எங்கே காணப்பட்டாலும் இடையிலே ஒரு நிலம் இருந்து ஆழ்ந்தது எனக் கூறுவது அக்காலத்து வழக்கம். வெகனர் இதனையே மறுத்தார். கண்டங்கள் பளுக் குறைந்த பாறையாலானவை. கடலடித்தளம் பளுக் கூடிய பாறையாலானது. நீரில் மிதக்கும் மரக்கட்டை எவ்வாறு அடியில் ஆழாதோ, அவ்வாறே கண்டமும் கடலடிக்குள் அமிழாது. எனவே இடையில் நிலம் ஆழவில்லை, இருபுறத்து நிலங்களுமே விலகின என்றார் அவர். இன்றைய ஆராய்ச்சி அவர் பக்கமே நிற்கிறது. மனிதர் வாழ்ந்த காலத்தில் இந்து சமுத்திரத்தில் ஒரு பெருங்கண்டம் ஆழ்ந்ததற்கு இடமில்லை. கரையோர நிலங்களைக் கடல் கொள்வது வேறு. பனியுகத்திற் கடல்மட்டம் தாழ்ந்திருந்தபோது பாக்குநீரிணை தரையாயிருந்தது. பனி உருகக் கடல் ஏறி அதனை மூடிற்று. கடல்கோள் பற்றிய பழஞ்செய்திகளை ஆராய்வோர் இவ்விரண்டையும் வேறுபிரித்து நோக்குதல் வேண்டும். நம் இலக்கியத்தின் பெருமை ஸ்கிளேற்றரின் ஊகத்தைச் சார்ந்து நிற்பதன்று.

வெகனரின் கொள்கைக்குக் கிடைத்த வரவேற்பு கடுமையானது. 1926 ஆம் ஆண்டில் அமெரிக்க எண்ணெய்ப் புவிச்சரிதவியலார் சங்கத்தார் நியூயோர்க்கில் இதனை ஆராயவெனவே ஒரு கூட்டம் கூட்டினர். அங்கே பேசியவருட் பலர் கொள்கையையும் கொள்கையாளரையும் ஒருங்கே தாக்கினர். வளிமண்டலவியலாளர் ஒருவர் தமக்குரியதல்லாத துறையிற் புகுந்து பேசுகிறாரே என்னும் வெறுப்பு பலருக்கிருந்தது. இதனை மட்டும் சொல்லி, அறிவிலிகள் ஓர் அறிஞரை வதைத்தனர் என்று கதை முடிப்பார் பலர். நாம் அவ்வாறு கருதவில்லை. எதிர்த்தவர்களிடம் நியாயமான ஒரு கேள்வி இருந்தது. மலைகளைச் சுமந்த கண்டத்தைத் தள்ளும் விசை யாது? பூமியின் சுழற்சியால் நிலங்கள் முனைவைவிட்டு மத்தியகோட்டை நோக்கி உந்தப்படுவதும், சந்திரனும் சூரியனும் இழுக்கும் இழுவையுமே காரணமாகலாம் என்று வெகனர் விடையிறுத்தார். இவ்விசைகள் இலட்சக்கணக்கான மடங்கு போதாதவை என்பதைக் கேம்பிரிட்ஜிலிருந்த ஹரோல்ட் ஜெவ்ரிஸ் கணக்கிட்டுக் காட்டினார். அக்கணக்கிற் பிழையில்லை. மேலும் கிறீன்லாந்து ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 36 மீற்றர் மேற்கே நகர்வதாக நூலின் இறுதிப் பதிப்பிலே வெகனர் காட்டினார். அது நெடுங்கோட்டை அளப்பதில் நேர்ந்த வழுவேயன்றி உண்மை நகர்வன்று. மெய்யான நகர்வு அதில் ஆயிரத்திலொரு பங்களவே.

நிலம் நகர்ந்தது என்பதில் வெகனர் சரி. எவ்வாறு நகர்ந்தது என்பதிலே தவறினார். முன்னையதற்கு அவர் திரட்டிய சான்றுகள் பின்னையதன் குறையாற் பொய்யாகிவிடா. மழை பெய்வதற்குக் காரணம் அறியாதவனும் மழை பெய்தது என்று சொல்லலாமன்றோ? எதிர்த்தவர்கள் இவ்வேறுபாட்டை மறந்தமையே அவர்கள் செய்த பிழை என்போம்.

அவருக்கு ஆதரவாளர் இல்லாமலுமில்லை. தென்னாபிரிக்காவின் டு துவா என்பார் தென்னமெரிக்காவுக்கே சென்று பாறைகளை ஒப்பிட்டுப் பார்த்து 1937 ஆம் ஆண்டிற் பெருநூலொன்று வெளியிட்டார். ஆங்கிலேயரான ஆதர் ஹோம்ஸ், பூமியின் உள்ளே கதிர்த்தொழிற்பாட்டாற் பிறக்கும் வெப்பம் புவியோட்டின் கீழுள்ள மென்மூடியை மிக மெதுவாகச் சுழற்றும் என்றார். உலையில் வைத்த நீர் அடியிற் சூடேறி மேலெழுந்து, பக்கமாய்ப் பரந்து, குளிர்ந்து கீழிறங்குவதை அடுக்களையில் எவரும் காணலாம். திண்மமாகிய பாறையும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அவ்வாறு இயங்கும் என்பது ஹோம்ஸின் கருத்து. வெகனருக்கு அகப்படாத விசை இதிலே மறைந்திருந்தது. ஆயின் அதனை மெய்ப்பிக்க வழியில்லாதிருந்த காலம் அது.

கண்டநகர்வு ஒன்றே அவர் செய்த பணியென்று எண்ணிவிடலாகாது. மேகத்திலுள்ள நீர்த்துளிகள் ஆவியாகிப் பனித்துகள்களிற் படிந்து வளர்வதால் மழையுண்டாகும் முறையை 1911 ஆம் ஆண்டிலேயே அவர் கூறினார். இன்றும் வளிமண்டலவியல் மாணவர் அதனை அவர் பெயராலேயே கற்கின்றனர். 1916 ஆம் ஆண்டில் விண்கல் ஒன்று விழக்கண்டோர் சொன்னவற்றைத் திரட்டி, அது விழுந்த இடத்தைக் கணக்கிட்டுக் கூறினார். அடுத்த ஆண்டில் ஏறத்தாழ அவ்விடத்திலேயே கல் அகப்பட்டது. சந்திரனிலுள்ள வட்டக்குழிகள் எரிமலை வாய்களல்ல, கற்கள் மோதியதால் உண்டானவை என்றும் எழுதினார். உலர்ந்த மரக்கொம்புகளில் வெண்மயிர்போலப் படியும் பனிக்கு ஒரு பூஞ்சணமே காரணம் என அவர் 1918 ஆம் ஆண்டிற் கூறியது 2015 ஆம் ஆண்டிலேதான் உறுதியாயிற்று. மாமனாராகிய விளாடிமிர் கெப்பனோடு சேர்ந்து பண்டைக் காலநிலைகள் பற்றி 1924 ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதினார். இத்துணைப் பணி செய்தும் யேர்மனியில் அவருக்குரிய பேராசிரியர் ஆசனம் கிட்டவில்லை. அதே ஆண்டில் ஆஸ்திரியாவின் கிராஸ் சர்வகலாசாலை அவரை அழைத்துக்கொண்டது. மனைவியாரும் மூன்று பெண்மக்களுமாக அவர் நிம்மதியாக வாழ்ந்தது அங்கே கழித்த சில ஆண்டுகளிலேதான்.

1930 ஆம் ஆண்டில் கிறீன்லாந்து மீண்டும் அழைத்தது. பனிக்கட்டிக் கவிப்பின் தடிப்பை அளப்பதும், ஆண்டு முழுவதும் காலநிலையைக் குறிப்பதும் நோக்கம். மேற்குக் கரையிலொன்று, கிழக்குக் கரையிலொன்று, நட்டநடுவிலொன்று என மூன்று நிலையங்கள் அமைக்கத் திட்டமிட்டனர். நடுநிலையம் கரையிலிருந்து 400 கிலோமீற்றர் உள்ளே, ஏறக்குறைய 3000 மீற்றர் உயரத்தில் அமைந்தது. தொடக்கமே தடங்கலாயிற்று. கடலிற் பனி விலகாமையால் ஒரு மாதத்துக்கு மேலாகக் கரையிறங்க முடியவில்லை. நம்பிக் கொண்டுவந்த எந்திரச் சறுக்குவண்டிகள் புதுப்பனியில் ஓடமறுத்தன. நடுநிலையத்திலிருந்த கேயோர்கி, சோர்கே என்னும் இருவரும் தேவையான பொருள்கள் வந்துசேராவிடின் ஒக்டோபர் 20 ஆந் திகதி கால்நடையாகவே புறப்பட்டுவிடுவதாகச் செய்தி விடுத்தனர். அவ்வாறு புறப்பட்டால் இருவரும் வழியில் மடிவது திண்ணம்.

வெகனர் செப்டெம்பர் 21 ஆந் திகதி தாமே புறப்பட்டார். லேவ என்னும் வளிமண்டலவியலாளரும் கிறீன்லாந்து மக்கள் பதின்மூவரும் உடன்சென்றனர். பதினைந்து நாய்வண்டிகள் சுமை இழுத்தன. குளிர் முற்ற முற்றக் கிறீன்லாந்து மக்கள் திரும்பிச்செல்ல விரும்பினர். அந்நிலத்திலே பிறந்து அதன் இயல்பறிந்த அவர்களைக் கோழைகள் என்று எவரும் சொல்லார். ஈற்றில் ரஸ்மஸ் வில்லும்சன் என்னும் இளைஞர் ஒருவரே எஞ்சினார். வண்டிகள் குறையக் குறையச் சுமைகளை வழியிலே விடநேர்ந்தது. நாற்பதாம் நாள், ஒக்டோபர் 30 ஆந் திகதி மூவரும் நடுநிலையத்தை அடைந்தபோது கொடுப்பதற்கு அவர்களிடம் ஏதும் இருக்கவில்லை. வழியிற் பூச்சியத்துக்குக் கீழே 54 பாகை வரை குளிர் இறங்கியிருந்தது. கேயோர்கியும் சோர்கேயும் பனிக்குள்ளே குகை குடைந்து, இருப்பதைக்கொண்டு குளிர்காலத்தைக் கழிப்பதென முன்னரே துணிந்திருந்தனர். லேவயின் கால்விரல்கள் உறைந்து அழுகத்தொடங்கவே, மருத்துவரும் மருந்தும் இல்லாத அக்குகையிற் பேனாக்கத்தியும் கத்தரியும் கொண்டு அவற்றைத் தோழர் அகற்றினர். லேவ பிழைத்தார். யூதராகிய அவர் பின்னர் நாடு நீங்கி, மெல்பேண் சர்வகலாசாலையில் வளிமண்டலவியற் பகுதியைத் தோற்றுவித்தார்.

ஐவருக்கு உணவு போதாது. எனவே வெகனரும் ரஸ்மஸும் இரண்டு நாட்கள் மட்டும் இளைப்பாறிவிட்டு, 17 நாய்களோடும் இரு வண்டிகளோடும் மேற்கு நோக்கித் திரும்பினர். அவர்கள் விடைபெற்ற நாள் நவம்பர் 1. வெகனருக்கு ஐம்பதாவது பிறந்தநாள். கரைநிலையத்தில் இருந்தோர் வெகனரும் நடுநிலையத்திலேயே குளிர்காலத்தைக் கழிக்கிறார் என்றெண்ணினர். நடுநிலையத்தில் இருந்தோர் அவர் கரை சேர்ந்துவிட்டார் என்றெண்ணினர். வசந்தம் வந்து இருசாராரும் சந்தித்தபோதே இருவரும் எங்குமில்லை என்பது வெளிப்பட்டது. 1931 ஆம் ஆண்டு மே மாதம் 12 ஆந் திகதி, வழியின் பாதித் தொலைவிற் பனியில் நாட்டப்பட்டிருந்த பனிச்சறுக்குக் கட்டைகளின் கீழே தோண்டியவர்கள் வெகனரின் உடலைக் கண்டனர். நித்திரைப் பை உறைகளினுள் அது செம்மையாகத் தைத்து வைக்கப்பட்டிருந்தது. முகத்தில் வேதனைக் குறியில்லை. அளவுமீறிய உழைப்பால் இருதயம் நின்றிருக்கவேண்டும் எனக் கருதினர். அந்த இருளிலும் குளிரிலும் குழிதோண்டித் தலைவரை முறைப்படி அடக்கஞ் செய்து அடையாளமும் நாட்டியவர் ரஸ்மஸ். வெகனரின் நாட்குறிப்பை எடுத்துக்கொண்டு அவர் தனியே மேற்கே சென்றிருக்கிறார். அவர் உடலும் நாட்குறிப்பும் இன்றுவரை கிடைக்கவில்லை. வெகனரைப் புகழும் நூல்களுள் அவ்விளைஞருக்கு ஒரு வரிக்குமேல் ஒதுக்குவன சிலவே. இதனை ஒரு குறையாகவே நாம் காண்கின்றோம்.

தமையனார் கூட் வந்து தலைமையேற்று ஆராய்ச்சியை நிறைவேற்றினார். வெகனரைக் கண்டெடுத்த இடத்திலேயே மீண்டும் அடக்கஞ்செய்து இரும்புச் சிலுவையொன்றை நாட்டினர். பனி அதனை மூடிவிட்டது.

அதன்பின் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கண்டநகர்வு பேசுவாரற்றுக் கிடந்தது. விடை கடலின் அடியிலிருந்து வந்தது. 1950 ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மரி தார்ப் என்னும் அம்மையார் கடலாழ அளவுகளைக்கொண்டு படம் வரைந்தபோது, அத்திலாந்திக்கின் நடுவே செல்லும் நீண்ட மலைத்தொடரின் உச்சியில் ஒரு பிளவு ஓடுவதைக் கண்டார். அப்பிளவிலே உள்ளிருந்து பாறைக்குழம்பு எழுந்து புதிய கடலடித்தளமாய் உறைந்து இருபுறமும் விலகுகிறது என்று 1962 ஆம் ஆண்டில் ஹரி ஹெஸ் எழுதினார். அவ்வாறாயின் உறையும் பாறை அந்தந்தக் காலத்துப் புவிக்காந்தத் திசையைத் தன்னிற் பதித்துக்கொள்ளும். அப்பதிவுகள் பிளவின் இருபுறமும் ஒத்த வரிகளாய் அமையும். 1963 ஆம் ஆண்டில் வைன், மத்தியூஸ் என்னும் இரு ஆங்கிலேயர் அவ்வரிகளைச் சுட்டிக்காட்டினர். தக்காணத்து எரிமலைப் பாறைகளின் காந்தத்தை அளந்த ஏர்விங் என்பார் இந்தியா தென்பாதியிலிருந்து வடக்கே பெயர்ந்து வந்ததை அதற்கு முன்னரே கண்டிருந்தார். 1965 ஆம் ஆண்டில் கனடா நாட்டவரான தூசோ வில்சன், பூமியின் மேலோடு விறைப்பான பல தகடுகளாய் உடைந்து கிடக்கிறது என்றார். பத்தாண்டு கழியுமுன் உலகெங்கணும் பாடநூல்கள் மாற்றி எழுதப்பட்டன. கண்டங்கள் தனித்து மிதந்து செல்லும் தோணிகளல்ல. கடலடியையும் கண்டத்தையும் ஒருங்கே சுமந்த தகடுகளே நகர்கின்றன. இவ்வளவில் வெகனரின் கொள்கை திருத்தப்பட்டது.

தகடுகள் விலகும் இடத்திற் புதிய தரை பிறக்கிறது. ஒன்றன்கீழ் ஒன்று அமிழும் இடத்தில் ஆழ்கடற் குழிகளும் எரிமலைகளும் தோன்றுகின்றன. இரு கண்டங்கள் முட்டும் இடத்தில் மலை எழுகிறது. இந்தியாவைச் சுமந்த தகடு வடக்கே விரைந்து ஏறக்குறைய ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவை முட்டியது. இடையிலிருந்த கடலின் அடித்தளமே மடிந்து இமயமாயிற்று. எவறெஸ்ற் சிகரத்தின் உச்சிப் பாறையிலும் கடல்வாழ் உயிர்களின் சுவடு உண்டு. நம் பூசையறைகளில் நாம் வணங்கும் சாளக்கிராமம், நேபாளத்துக் கண்டகி நதியில் அகப்படும் அமோனைற்று என்னும் கடற்பிராணியின் உயிர்ச்சுவடாகும். இமயத்தின் மேலுள்ள ஆற்றிலே கடற்பிராணி கிடப்பதன் காரணத்தை இனி மாணவர்க்கு விளக்கவேண்டுவதில்லை.

நம் இலங்கையின் பெரும்பகுதி மிகப் பழைய பளிங்குப்பாறையாலானது. இப்பாறைகளுக்கு ஒப்பானவை தென்னிந்தியாவிலும் மடகாஸ்கரிலும் அந்தாட்டிக்காவின் கீழ்ப்பகுதியிலும் உள்ளன. கொண்டுவானா என்னும் தென்பெருநிலத்தில் இவை ஒட்டிக்கிடந்தன. அப்பெயரும் நடு இந்தியாவின் கொண்டர் வாழ்ந்த நாட்டையொட்டி எழுந்ததே. புத்தளத்துக்கு அண்மையிலுள்ள தப்போவையில் அக்காலத்துச் செடிகளின் சுவடுகள் பொதிந்த பாறைப்படை சிறிது எஞ்சியுள்ளது. நம் தீவு தகட்டின் விளிம்பிலன்றி நடுவில் இருப்பதனாலேயே பெரும் பூமிநடுக்கங்கள் இங்கு அரிது. ஆயினும் விளிம்பில் நிகழ்வது நம்மைத் தீண்டாதென இருத்தலாகாது என்பதை 2004 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆந் திகதி கண்டோம். சுமாத்திராவின் அருகே இந்தியத் தகடு அமிழும் எல்லை ஆயிரம் கிலோமீற்றருக்கு மேலாக ஒரே காலையில் வழுக்கிற்று. அதனால் எழுந்த ஆழிப்பேரலை நம் நாட்டில் மட்டும் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றது. ஆண்டுக்கு ஓரிரு அங்குலமே நகரும் நிலம் சேர்த்துவைத்த விசை அது.

அத்திலாந்திக்கின் இரு கரைகளும் ஆண்டுக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் விலகுவதை இன்று செய்மதிகள் நேரே அளக்கின்றன. கிறீன்லாந்தில் வெகனர் அளக்கமுயன்றது இதனையே. அவர் துணைவியார் எல்ஸ அம்மையார் கணவரின் இறுதிப் பயணத்தின் வரலாற்றை 1932 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். 1980 ஆம் ஆண்டில் யேர்மனியின் பிறெமர்காவன் நகரில் முனைவாராய்ச்சி நிலையமொன்று வெகனரின் பெயரால் நிறுவப்பட்டபோதும் அம்மையார் உயிரோடிருந்தார். 1992 ஆம் ஆண்டில், நூறாண்டு நிறைந்தபின் காலமானார்.